கடுகு நிறச் சட்டை

கானாடுகாத்தானில் காலை ஆறு மணிக்கு
இஸ்திரிப் பெட்டியில் கரி கனலும் முன்பே
யாராவது கேட்டுவிடுகிறார்கள்:
"சோலையப்பன் திரும்பி வருவானா, செகதா?"

ஏதோ என் வீட்டு ஆள் மாதிரி.

நாலு கட்டு வீட்டில்
ஐந்தாம் கட்டு எங்கே என்று தேடிப் போனவன்.
நூற்று நாற்பதாம் நாள்
கிணற்றில் விழுந்தான்.
விழுந்ததைக் காட்டினார்கள்.
எடுத்ததைக் காட்டவில்லை.
மூக்குக் கண்ணாடி மட்டும் மிதந்தது.

கண்ணாடி மிதக்குமா?
சைக்கிள் கடை நைனா முகமது
பஞ்சர் பார்க்கிற தொட்டியில்
தன் கண்ணாடியையே போட்டுப் பார்த்தார்.
மூழ்கிவிட்டது.
"அப்ப யாரோ கொண்டாந்து வச்சது" என்றார்
ஈரக் கண்ணாடியைக் கைலியில் துடைத்தபடி.

பூ கட்டும் அடைக்கம்மைக்குத் துப்பு வேறு:
"பொண்டாட்டி இன்னும் பொட்டை அழிக்கலை.
எழுதுறவனுக்குத் தெரியாமலா?"

மின்வாரியம் வீரய்யா
கம்பத்தின் மேலிருந்தே தீர்ப்புச் சொன்னார்:
"பினாங்கில ஒரு தம்பி இருப்பான், பாருங்க.
இந்த ஊர்க் கதையில
பினாங்கு வராம இருக்குமா?"

கண்டக்டர் சேவுகன் ஒருத்தர்தான் எதிர்க்கட்சி.
"அந்தாளு வேற சேனல்ல
நரைத்தாடி ஒட்டி மாமனாரா நடிக்கிறாரு.
செத்தது செத்ததுதான்."
பந்தயம் ஒரு கிலோ ஆட்டுக்கறி,
எலும்பில்லாமல்.

எதிர்வீட்டில்தான் படப்பிடிப்பு.
அழுக்கும் ரத்தமும் என்னிடம்தான் வரும்.
ரத்தத்தில் ரோஜா சர்பத் வாசம்.
ஊசி குத்தியபடியே வரும் மருமகளின் பட்டு.
எட்டுப் போலீஸுக்கு
மூன்றே மூன்று காக்கிச் சட்டை.
அதனால் எனக்குக் கதை தெரியும் என்று நினைக்கிறார்கள்.

தெரியாமல் இல்லை.
அவன் விழுவதற்கு முந்தின நாள்
பொத்தான் அறுந்த சட்டையோடு
அவரே வந்தார்.
வண்டி நிழலில் பனியனோடு நின்று
"நாளைக்கு என்னைக் கொல்றாங்கக்கா.
சம்பளம் கூட்டிக் கேட்டேன்" என்று
சிரித்தார்.
பொத்தானுக்குக் காசு வாங்கவில்லை நான்.
யாரிடமும் சொல்லவும் இல்லை.

வழக்கமாக நாலு கட்டுத் துணி வரும்.
இன்று ஐந்து.
ஐந்தாவதன் அடியில்
அந்தக் கடுகு நிறச் சட்டை.
பையில் அதே இடத்தில் மைக் கறை.
கரி கனலும் பெட்டியைப் பிடித்திருந்த கை
சில்லிட்டுப் போனது.
அடைக்கம்மையைக் கூப்பிட வாயெடுத்தேன்.

கூப்பிடவில்லை.
கழுத்துப்பட்டையில் முப்பத்தெட்டு என்றிருந்தது.
அவருக்கு நாற்பத்திரண்டு.
அக்குளில் உப்பு பூத்த தடம் இல்லை.
கடைப் பசை மணம்.
மைக்கறைகூட
நேற்றுத்தான் கசிந்திருக்க வேண்டும்.

ஆக, அவன் வருகிறான்.
அவர் வரவில்லை.
திரையின் அடியில் வெள்ளை எழுத்து ஓடும்,
இவருக்குப் பதில் இனி இவர்.
மூன்று நொடி.
அதற்குள் ஊரே மனசை மாற்றிக்கொள்ள வேண்டும்.
அழிக்காத பொட்டோடு அவள் போய்
இந்த முப்பத்தெட்டில் சாய்ந்து அழுவாள்.
நாமும் அழுவோம்,
எனக்குத் தெரியும்.

கறியை யார் வாங்குவது என்றுதான் தெரியவில்லை.

காரைக்குடி பஸ் திரும்பியது.
படியில் தொங்கியபடி சேவுகன்:
"என்ன செகதா, வர்றானா?"

"சட்டை வருது" என்றேன்.
என்ன கேட்டதோ அவருக்கு,
இரண்டு விசில் கொடுத்துப் போய்விட்டார்.

தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன்.
அவருக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம்.
நாலு மாதமாகியும் கை மறக்கவில்லை.
அந்தப் பக்க மடிப்பை
ஒரு விரல் தாழ்த்திவிட்டேன்.
வரப்போகிறவருக்கு எடுப்பாக இருக்காது.
பிரித்துத் தேய்க்க எவ்வளவு நேரம் ஆகும்?
பெட்டியும் சூடாகத்தான் இருந்தது.

அப்படியே
ஐந்தாவது கட்டில் வைத்தேன்.